மினி 1974: பின் சப்ஃப்ரேமுக்குள் (பின் சக்கரங்களைத் தாங்கும் இரும்புச் சட்டம்) திருப்புளி இறங்கிவிட்டது. ஒட்டுப் போடலாமா, மாற்றத்தான் வேண்டுமா?

மஞ்சள்மினி எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது 1974 மினி கார், ரப்பர் கோன் சஸ்பென்ஷன் (சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் கூம்பு வடிவ ரப்பர்). அக்கா பதினெட்டு வருஷம் ஓட்டிய வண்டி. இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. இன்ஜின், கியர் எல்லாம் நன்றாகவே இருப்பதால் அடிப்பக்கத்தை இதுவரை நான் சரியாகப் பார்த்ததில்லை.

போன வாரம் பின் ரேடியஸ் ஆர்முக்கு (பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) கிரீஸ் அடிக்கலாம் என்று வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினேன். இடது பக்க நிப்பிளில் கிரீஸ் ஏறவே இல்லை. சுற்றியிருந்த மண்ணைச் சுரண்டும்போது கூடவே கறுப்பு அண்டர்சீலும் (துரு பிடிக்காமல் அடியில் பூசும் பூச்சு) உள்ளங்கை அகலத்துக்குத் தோலாக உரிந்து வந்தது. உரிந்த தோலின் உள்பக்கம் பழைய புத்தகம் நனைந்து காய்ந்த மாதிரி ஏடு ஏடாகப் பழுப்புப் பொருக்கு. சந்தேகப்பட்டுத் திருப்புளியால் குத்தினேன். பெரிதாக அழுத்தவில்லை. இடது பக்கச் சட்டத்தின் அடியில், முன் டிரன்னியன் கட்டைக்கு (சப்ஃப்ரேமைப் பாடியோடு பிடிக்கும் கட்டை) நாலு விரல் பின்னால், திருப்புளி கைப்பிடிவரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்ததும் ஈர மண் ஒழுகியது. வண்டி மழையில் நனைந்து இரண்டு மாதம் ஆகிறது.

வலது பக்கம் பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறது. பின் குறுக்குச் சட்டத்தில் அங்கங்கே பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது. கீழ் மடிப்பு ஓரிடத்தில் அலை மாதிரி வளைந்து நிற்கிறது.

என் கேள்விகள்: எவ்வளவு தூரம் இத்துப்போயிருக்கிறது என்று சப்ஃப்ரேமைக் கழற்றாமலே கண்டுபிடிக்க முடியுமா? அந்த ஓட்டையை மட்டும் வெட்டி ஒட்டுப் போட்டால் போதுமா? மணல் பிளாஸ்டிங் செய்து பவுடர் கோட்டிங் கொடுத்தால் நிலைக்கும் என்று ஒருவர் சொல்கிறார், சரியா? டிரன்னியன் போல்ட் இரண்டும் அசையவே மாட்டேன் என்கின்றன, அதற்கும் வழி சொல்லுங்கள்.

அசல் சப்ஃப்ரேமைக் காப்பாற்ற முடிந்தால் அதைத்தான் செய்ய ஆசை.

ஸ்பானர்12 எழுதியது:

ப்ரோ, மினி பின் சப்ஃப்ரேம்னா யோசிக்கவே வேணாம், புதுசு வாங்கி மாட்டிடுங்க. இதுக்குப் புதுசு இன்னும் செய்றாங்க. ஒட்டுப் போட்ட சப்ஃப்ரேம்ல வேகமா ஓட்ட எனக்கு மனசு வராது.

பழையஇரும்பு எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று. வண்டி இப்போது எதன் மேல் நிற்கிறது? ஸ்டாண்டோ ஜாக்கோ அந்த சப்ஃப்ரேமுக்கு அடியில் இருந்தால், மற்றதைப் படிக்கும் முன் போய் இடம் மாற்றுங்கள். பாடியில், உறுதியான தகட்டில், அகலமான மரக்கட்டை கொடுத்து நிறுத்துங்கள். அதன் அடியில் படுத்து வேலை செய்யப்போவது நீங்கள்.

ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்றால், எனக்கு நடந்திருக்கிறது. என்னுடையதும் மினி, உங்களுடையதைவிட நாலு வருஷம் இளையது. முதல் தடவை பின் சப்ஃப்ரேமை இறக்கியபோது கிரைண்டரில் வயர் கப் போட்டு வெளிப்பக்கம் முழுக்கத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்தேன், புதுசு மாதிரி திரும்பி வந்தது. நிம்மதியாக மாட்டினேன். மூன்றாவது வருஷம் பின் டயர் கழற்ற, குறுக்குச் சட்டத்தின் நடுவில் ஜாக்கை வைத்து ஏற்றினேன். வண்டி மேலே வரவில்லை, ஜாக்கின் தலைதான் சட்டத்துக்குள் ஏறியது. கறுப்புத் தோல் சுருங்கி மடிந்து கிழிந்தது, கிழிசலிலிருந்து பழுப்புத் தூள் கொட்டியது. இரண்டு கைப்பிடி இருக்கும். பவுடர் கோட்டிங் முழுசாக இருந்தது, அதைத் தாங்கியிருக்க வேண்டிய தகடுதான் இல்லை.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது: இந்த சப்ஃப்ரேம் உள்ளிருந்து வெளியே இத்துப்போகிறது. நாம் வெளியே பார்ப்பது கடைசி அத்தியாயம். அச்சில் அழுத்திய தகடுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஸ்பாட் வெல்டு அடித்துப் பெட்டியாக்கியிருக்கிறார்கள். சக்கரம் வாரி அடிக்கிற சேறு துளைகள் வழியே உள்ளே போகும், போன சேறே வடிகால் துளையை அடைக்கும். அதன் பிறகு உள்ளே எப்போதும் ஈரம்தான். உங்களுக்கு இரண்டு மாதம் கழித்தும் ஈர மண் ஒழுகியது அதனால்தான். தகடும் தகடும் சேருகிற மடிப்பில் நீர் தானாக ஊறி ஏறும், பெயிண்ட் அங்கே எட்டாது. துரு என்பது இரும்பைவிட மிக அதிக இடம் கேட்கிற பொருள், நீர் சேர்ந்த துரு ஆறு மடங்குவரை உப்பும். மடிப்புக்குள் பிறக்கிற துரு ஆப்பு அடித்த மாதிரி தகடுகளைப் பிரிக்கும். நீங்கள் சொன்ன அந்த அலை அதுதான். அந்த இடத்தில் ஸ்பாட் வெல்டுகள் ஏற்கெனவே விட்டிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றாமல் கண்டுபிடிக்க முடியுமா என்றால், பாதி முடியும்.

அண்டர்சீலை முழுக்கச் சுரண்டி எடுங்கள். ஹீட் கன் லேசாகக் காட்டினால் இளகி வரும், பெட்ரோல் பைப் ஓடுகிற பக்கம் சூடே வேண்டாம். பிறகு சின்ன சுத்தியல் எடுத்து ஒரு முனையிலிருந்து விரல்கட்டை தூரத்துக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும், சுத்தியல் கையில் துள்ளும். இத்த இடத்தில் சத்தம் மொத்தென்று செத்துப்போகும், சுத்தியலும் துள்ளாது. சாக்பீஸால் குறித்துக்கொண்டே வாருங்கள். நான் இரண்டாம் தடவை செய்தபோது கண்ணுக்கு ஒரே ஒரு ஓட்டைதான் தெரிந்தது, சாக்பீஸ் குறி பதினொன்று விழுந்தது.

அடுத்தது எண்டோஸ்கோப். போனில் செருகுகிற சின்ன கேமரா போதும். வடிகால் துளையைக் கம்பியால் குத்தித் திறந்து, உள்ளே விட்டு மெதுவாகத் திருப்புங்கள். பழுப்பு நிறம் தெரிந்ததும் பயப்பட வேண்டாம், எல்லாப் பழைய பெட்டியிலும் பழுப்பு இருக்கும். நிறம் மென்மையான பூச்சாகப் படிந்திருந்தால் அது மேல்துரு. தரையில் பொருக்குகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தால், அவ்வளவு தகடும் சுவரிலிருந்து உதிர்ந்தது என்று அர்த்தம். அல்ட்ராசோனிக் தடிமன் மீட்டர் யாரிடமாவது கிடைத்தால் வாங்கி வையுங்கள். பெயிண்டும் பொருக்கும் சுத்தமாகப் போன இடத்தில் ஜெல் தடவித்தான் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் பொய் சொல்லும். முதலில் துரு தொடாத ஓரிடத்தில் அளந்து அதை அசல் தடிமனாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு குறைந்த இடத்தை நான் வெட்டிவிடுவேன். அது நானாக வைத்துக்கொண்ட கணக்கு.

எல்லா இடமும் ஒரே மாதிரி முக்கியமில்லை. முன்னால் இரண்டு டிரன்னியன், பின்னால் இரண்டு மவுண்டிங், ஆக நாலு இடத்தில்தான் சப்ஃப்ரேம் பாடியைப் பிடித்திருக்கிறது. ரேடியஸ் ஆர்மின் அச்சு உட்காருகிற இடங்கள் அடுத்தது. இவை எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது கோன் உட்காருகிற இருக்கைக்கு. மினியில் பின் ரப்பர் கோன் பக்கச் சட்டத்துக்குள் படுத்த நிலையில் இருக்கிறது. சக்கரம் மேலே எழும்பும்போது ஆர்ம் நெம்புகோலாகத் திரும்பி, ஸ்ட்ரட் என்ற தள்ளுதண்டு வழியாகக் கோனை முன்பக்கம் தள்ளுகிறது. ஆர்மின் குட்டைப் பக்கம் தள்ளுவதால் சக்கரத்தில் விழுகிற சுமை பல மடங்காகி அந்த இருக்கையில் இறங்கும். குறுக்குச் சட்டத்தின் கீழ் மடிப்பு போயிருந்தால் சரிசெய்யலாம். கோன் இருக்கை மெலிந்திருந்தால் நான் வெல்டிங் டார்ச்சைத் தொடமாட்டேன். அது கழற்றினால்தான் தெரியும். அதனால்தான் பாதி என்றேன்.

டிரன்னியன் போல்ட் அசையாததற்குக் காரணம் மரை இல்லை. ரப்பர் புஷ்ஷின் நடுவில் இருக்கிற இரும்புக் குழாயோடு போல்ட் துருப்பிடித்து ஒன்றாகிவிட்டது. பலம் போட்டால் போல்ட் திரும்புகிற மாதிரித் தெரியும், உண்மையில் ரப்பர்தான் முறுக்கிக்கொள்கிறது, விட்டதும் பழைய இடத்துக்கே வரும். பெனட்ரேட்டிங் ஆயிலைக் காலையும் மாலையும் ஒரு வாரம் விடுங்கள். முதலில் இறுக்கும் திசையில் ஒரு நூல் திருப்புங்கள், பிறகு கழற்றும் திசை, மறுபடி ஆயில். அப்படியும் வராவிட்டால் நட்டைப் பிளந்து எடுத்து, கட்டைக்கும் சப்ஃப்ரேமுக்கும் நடுவே ரம்பப் பிளேடை விட்டு போல்ட்டை அறுத்துவிடுங்கள். எப்படியும் புது புஷ், புது போல்ட் போடத்தானே போகிறீர்கள். அறுப்பதில் வெட்கமே இல்லை. கட்டையைப் பாடியோடு பிடிக்கிற போல்ட்டில் மட்டும் முரட்டுத்தனம் வேண்டாம், அது முறிந்தால் வேலை பாடிக்குப் போகும்.

இறக்கும்போது பிரேக் பைப், ஹேண்ட்பிரேக் கேபிள், சைலன்சரின் பின் பிடி எல்லாம் சப்ஃப்ரேமோடு சேர்ந்தவை. பாட்டரி கேபிளும் பெட்ரோல் பைப்பும் பக்கத்திலேயே அடியில் ஓடுகின்றன. பாட்டரியை முதலில் கழற்றுங்கள். ஷாக் அப்சார்பரின் கீழ்முனையை விடுவித்தால் ஆர்ம் தொங்கும், ஸ்ட்ரட் தானாகக் கழன்று வரும். உங்களுடையது ரப்பர் கோன் என்பதால் இவ்வளவு சுலபம். ஹைட்ரோலாஸ்டிக் மினி வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால் இதைச் செய்துவிடாதீர்கள், அதில் திரவ அழுத்தத்தை முறையாக இறக்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும்.

பவுடர் கோட்டிங் பற்றிக் கேட்டீர்கள். அது கெட்ட பூச்சு இல்லை, நான் கொடுத்த வேலை தப்பு. பவுடர் மின்னேற்றத்தால் இழுக்கப்பட்டு ஒட்டுகிறது, மூடிய பெட்டிக்குள் மின்புலம் நுழையாது, ஆகவே பவுடரும் நுழையாது. வெளியே மட்டும் தடிமனாகத் தோல் போர்த்தும். கல்லடித்து ஓரிடத்தில் விரிந்தால் நீர் அதன் அடியில் ஊர்ந்துகொண்டே போகும், கண்ணுக்குத் தெரியாது. வயர் பிரஷ்ஷும் அப்படித்தான், துருவை எடுப்பதற்குப் பதில் பாதியைத் தேய்த்து மெருகேற்றிவிடுகிறது. குழிகளுக்குள் இருக்கும் துரு எடுபடக் கிரிட் பிளாஸ்டிங்தான் வேண்டும். ஆசிட் தொட்டியில் முக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், மடிப்புக்குள் புகுந்த ஆசிட்டை எவ்வளவு அலசினாலும் முழுக்க வெளியே கொண்டுவர முடியாது. மின்பகுப்பு முறை சின்னச் சாமான்களுக்கு அருமை, ஆனால் நேர்மின்முனைக்கு நேரே தெரிகிற பரப்பில்தான் அது வேலை செய்யும், பெட்டியின் உள்ளே எட்டாது. அதைச் செய்வதென்றால் தொட்டியில் துணையாகப் போடும் தகடு சாதா இரும்பாக இருக்கட்டும். ஸ்டெயின்லெஸ் போட்டால் நீரில் நச்சுக் குரோமியம் இறங்கும்.

இறக்கிவிட்டு எழுதுங்கள். ஓட்டை எங்கே எங்கே என்று தெரிந்தால்தான் ஒட்டா, மாற்றா என்று நானும் சொல்ல முடியும்.

ஆர்க்கொளி எழுதியது:

பழையஇரும்பு அண்ணன் சொன்னதுல எதையும் மாத்தறதுக்கு இல்ல. நான் வெல்டிங் வேலைலயே இருக்கறவன், பத்தவைக்கற பக்கம் மட்டும் சொல்றேன்.

வெல்டு பண்ணப் போற தகட்டைப் பிரேக் கிளீனர் அடிச்சுத் துடைக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கு. டப்பாவைத் திருப்பிப் படிச்சுப் பாருங்க. டெட்ராகுளோரோஎத்திலீன் மாதிரி குளோரின் கலந்தது இருந்தா அதைப் பட்டறையை விட்டே வெளிய வைங்க. அந்த ஆவி மேல ஆர்க்கோட சூடும் புற ஊதாக் கதிரும் பட்டா பாஸ்ஜீன் வாயு உண்டாகும். முதல் உலகப்போர்ல ஆள் கொல்லப் பயன்படுத்தின வாயு அது. சுவாசிச்ச உடனே ஒண்ணும் தெரியாது, பல மணி நேரம் கழிச்சு நுரையீரல்ல நீர் கோக்க ஆரம்பிக்கும். மடிப்புக்குள்ள ஒரு சொட்டு தங்கியிருந்தாலும் ஆபத்துதான். அசிட்டோன்ல துடைங்க, முழுசா உலர விடுங்க, துணியையும் டப்பாவையும் தூரமா வைச்சிட்டு அப்புறம் டார்ச் எடுங்க.

ரெண்டாவது, ஒட்டுக்கு ஜிங்க் பூசின தகடு எடுத்தா வெல்டு ஓடற ஓரத்துல பூச்சைத் தேய்ச்சு எடுத்துடணும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசிச்சா ராத்திரி குளிர்காய்ச்சல் வந்து நடுங்கும். கதவைத் திறந்து வைங்க, மாஸ்க் போடுங்க. பழைய மெழுகு, அண்டர்சீல் உள்ள இருந்தா பெட்டிக்குள்ளயே தீப்பிடிக்கும், கிட்டத்துல தீயணைப்பான் இல்லாம ஆரம்பிக்காதீங்க.

வெட்டறதுக்கு முன்னாடி ஜிக். இதை எத்தனை தடவை வேணாலும் சொல்லுவேன். ஆங்கிள் இரும்புல ஒரு சட்டம் பண்ணி நாலு மவுண்டிங் ஓட்டையிலயும் போல்ட் போட்டு இறுக்கிட்டு அப்புறமா கிரைண்டரை எடுங்க. குறுக்கே ரெண்டு மூலையையும் அளந்து சுவத்துலயே எழுதி வைங்க. சட்டம் ஒரு பக்கம் ரெண்டு மில்லி இழுத்துட்டா ரேடியஸ் ஆர்ம் அச்சு கோணலாகி பின் சக்கரம் தப்பான பக்கம் பார்க்கும், டயர் தின்னும், வண்டி நேரா ஓடாது.

நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டுங்க. மெலிஞ்ச ஓரத்துல பத்தவைச்சா ஓட்டை பெரிசாகிட்டே போகும், அது தகடு உங்களுக்குச் சொல்ற பதில். பழைய தகட்டு மேல புதுசை வைச்சு ஓரம் மட்டும் பத்தவைக்கற வேலை வேணாம், நடுவுல இன்னொரு துரு மடிப்பு உண்டாக்கறீங்க. விளிம்புக்கு விளிம்பு நேரா வைச்சு மிக் வெல்டிங்ல 0.8 மில்லி வயர் போட்டு ஒரு புள்ளி இங்க, அடுத்த புள்ளி அந்தக் கடைசில, ஆற விட்டு மறுபடி. ஸ்பாட் வெல்டு இருந்த இடத்துல மேல் தகட்டுல 8 மில்லி ஓட்டை போட்டு அதை நிரப்புங்க. மெனக்கெட்டு ஆற விட்டாத்தான் கோணாது.

மஞ்சள்மினி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஸ்டாண்ட் பாடியில்தான் இருந்தது, ஆனாலும் இரவே எழுந்துபோய் மரக்கட்டை கொடுத்தேன்.

ஒன்பது நாள் ஆயில் விட்டேன். வலது போல்ட் வந்துவிட்டது. இடது போல்ட்டை அறுக்க வேண்டியதாயிற்று, இரண்டு பிளேடு போனது. நேற்று சப்ஃப்ரேம் கீழே இறங்கியது. இறக்கி நிமிர்த்தியதும் உள்ளே சரசரவென்று சத்தம், மழைக்கால ஓட்டுக்கூரையில் சருகு நகர்கிற மாதிரி. கவிழ்த்துக் கொட்டினேன். காகிதம் விரித்து நிறுத்தேன், 640 கிராம் இருந்தது. அதில் மண் எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று தெரியவில்லை. காந்தத்தைக் காட்டினால் பாதிக்கு மேல் ஒட்டுகிறது.

சாக்பீஸ் குறிகள்: இடது சட்டத்தின் அடிப்பக்கம் ஓட்டையிலிருந்து பின்னால் ஒரு சாண். குறுக்குச் சட்டத்தின் கீழ் மடிப்பு முழு நீளமும் மொத்தென்றுதான் ஒலிக்கிறது. பின் மவுண்டிங் இரண்டும் கணீர். இதுவரை தைரியமாக இருந்தேன்.

சுத்தமாக இருக்கிறது என்று நான் எழுதிய வலது சட்டத்தைப் பார்த்ததும்தான் மனசு விட்டுப்போயிற்று. வெளியே ஒரு கீறல் இல்லை. கோனை வெளியே எடுத்துவிட்டு இருக்கைப் பக்கம் விளக்கடித்தால் தகடு அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருக்கிறது. தெரிந்தவரிடம் தடிமன் மீட்டர் வாங்கி, ஜெல் போட்டு அளந்தேன். நல்ல இடத்தில் காட்டிய அளவில் பாதிகூட அங்கே வரவில்லை. மூன்று தடவை அளந்தேன். இடது இருக்கையும் குறைந்திருக்கிறது, ஆனால் அவ்வளவு மோசமில்லை.

பாடியில் டிரன்னியன் உட்காருகிற ஹீல்போர்டுத் தகட்டையும் தட்டிப் பார்த்தேன். இடது பக்கம் கீழ் ஓரத்தில் கட்டைவிரல் அளவு மொத்தென்கிறது.

கோன் இருக்கை மெலிந்தால் டார்ச்சைத் தொடமாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள் அண்ணா. இன்னும் அதே முடிவுதானா? ஒரு தடித்த தகட்டை வட்டமாக வெட்டி இருக்கையின் மேல் வைத்தால் என்ன?

பழையஇரும்பு எழுதியது:

அதே முடிவுதான் தம்பி. மாற்றிவிடுங்கள்.

தடித்த வட்டத் தகடு வைத்தால் சுமை அந்த வட்டத்தின் ஓரத்தில் இறங்கும், ஓரத்தில் இருப்பது பாதியாய் மெலிந்த பழைய தகடு. நடுவில் உறுதியாகத் தெரியும், சுற்றிலும் கிழியும். இருக்கையை முழுசாக வெட்டி எடுத்துப் புதுசு செய்யலாம் என்றால், அது அச்சில் அழுத்திய வடிவம். கோன் உட்காரும் கோணம் இம்மி பிசகினாலும் ஸ்ட்ரட் வளைந்து தள்ளும். அத்தோடு இடது சட்டம், குறுக்குச் சட்டத்தின் முழு மடிப்பு, இடது இருக்கை. இவ்வளவையும் மாற்றினால் அசலில் மிஞ்சப்போவது இரண்டு பின் மவுண்டிங்தான். அதை அசல் என்று சொல்லிக்கொள்வதில் என்ன இருக்கிறது?

நான் என்னுடைய இரண்டாவது சப்ஃப்ரேமை ஒட்டுப் போட்டுத்தான் காப்பாற்றினேன், இன்றும் ஓடுகிறது. அதில் போனது குறுக்குச் சட்டமும் கீழ் மடிப்பும் மட்டும். இருக்கை இரண்டிலும் மேல்துருதான் இருந்தது, அளந்து பார்த்துத்தான் தொட்டேன். உங்களுடையது வேறு கதை. ஸ்பானர்12 யோசிக்காமல் சொன்ன மாதிரி இருந்தது, முடிவு என்னவோ அவர் பக்கம்தான் வந்திருக்கிறது. ஆனால் அளந்துவிட்டு மாற்றுவதற்கும் அளக்காமல் மாற்றுவதற்கும் வித்தியாசம் உண்டு. அளந்ததால்தானே ஹீல்போர்டின் அந்தக் கட்டைவிரல் இடம் தெரிந்தது. அதைச் சரிசெய்யாமல் புது சப்ஃப்ரேமை மாட்டியிருந்தால், உறுதியான இரும்பை இத்த தகட்டில் தொங்கவிட்டிருப்பீர்கள். ஹீல்போர்டைப் பத்தவைக்கும்போது பெட்ரோல் டேங்கை டிக்கியிலிருந்து இறக்கிவிடுங்கள், எர்த் கிளாம்ப் வெல்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பழைய சப்ஃப்ரேமைத் தூக்கிப் போடாதீர்கள். புதுசு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்து மவுண்டிங் ஓட்டைகள், பிரேக் பைப் கிளிப், ஹேண்ட்பிரேக் கேபிள் வழிகாட்டி ஒவ்வொன்றும் அதே இடத்தில் இருக்கிறதா பாருங்கள். ஹைட்ரோலாஸ்டிக்குக்கான சப்ஃப்ரேம் வேறு, அது மாறி வந்துவிடவில்லையே என்றும் பாருங்கள்.

புதுசு கறுப்பாக வரும். அந்தக் கறுப்பை நம்பாதீர்கள். பிடிப்பு வரும்படி உரசி, இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் சேஸிஸ் பெயிண்ட். பிரைமருக்கும் பெயிண்ட்டுக்கும் நடுவே மடிப்புகள் முழுக்க சீம் சீலர் பிரஷ்ஷால் தடவுங்கள். போல்ட் முகம் உட்காரும் இடங்களில் பெயிண்ட்டை மெல்லியதாக விடுங்கள், தடிமனாக இருந்தால் காலப்போக்கில் நசுங்கி போல்ட் தளர்ந்துவிடும்.

பிறகுதான் என் மனசுக்கு நெருக்கமான வேலை, உள்ளே மெழுகு. கேவிட்டி வேக்ஸ் டப்பாவை வெந்நீரில் நிறுத்தி இளக்கிக்கொள்ளுங்கள். சுற்றிலும் பீச்சுகிற நுனி உள்ள நீளமான குழாயைச் சட்டத்தின் கடைசிவரை விட்டு, பீச்சிக்கொண்டே மெதுவாக வெளியே இழுங்கள். அவசரப்பட்டால் நடுவில் ஒரு சாண் விட்டுப்போகும். மாட்டுவதற்கு முன்பே செய்யுங்கள், அப்போதுதான் சப்ஃப்ரேமைக் கவிழ்த்தும் சாய்த்தும் மெழுகை மேல் மூலைக்கும் ஓட விட முடியும். ஒரு ராத்திரி அப்படியே விட்டு, எல்லா வடிகால் துளையும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மாட்டும்போது நாலு மவுண்டிங்கையும் முதலில் கையிறுக்கமாக மட்டும் போடுங்கள். நாலும் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு உரிய முறுக்கு அளவுக்கு இறுக்குங்கள். ஒன்றை முதலிலேயே இறுக்கினால் எதிர் மூலை ஓட்டை அரை விரல் தள்ளி நிற்கும், ஜாக்கால் தள்ளி மாட்டத் தோன்றும். போல்ட் உள்ளே போகும் குழாயில் ஆன்ட்டிசீஸ் தாராளமாகத் தடவுங்கள், அடுத்த தடவை கழற்றுபவர் அறுக்க வேண்டியிருக்காது.

மஞ்சள்மினி எழுதியது:

அக்காவிடம் பழைய சப்ஃப்ரேமைக் காட்டினேன். இருக்கைக் குழிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கடைசி இரண்டு வருஷம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வலது பக்கம் டொக்கென்று ஒரு சத்தம் வந்தது, டிக்கியில் கிடக்கிற ஜாக்கென்று நினைத்தேன் என்றாள். அது இருக்கை அசைந்த சத்தம்தானா என்று இனி சொல்ல வழியில்லை. எனக்கு மட்டும் அது காதிலேயே இருக்கிறது.

ஹீல்போர்டில் உள்ளங்கை அளவு வெட்டி நேர்விளிம்பாக ஒட்டு வைத்தாயிற்று. கட்டைவிரல் அளவென்று நினைத்தது வெட்ட வெட்ட அவ்வளவு போனது. ஆர்க்கொளி அண்ணன் சொன்ன மாதிரி டப்பாவைத் திருப்பிப் படித்தேன், என்னிடம் இருந்த பிரேக் கிளீனர் குளோரின் கலந்ததுதான். அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன்.

புது சப்ஃப்ரேமுக்கு எபாக்ஸி, சீலர், பெயிண்ட் முடிந்து நேற்று மெழுகு பீச்சினேன். அடியில் அட்டை விரித்து, ராத்திரி இரண்டு தடவை புரட்டிப் போட்டேன். காலையில் அட்டையில் ஒவ்வொரு வடிகால் துளைக்கும் கீழே தேன் நிறத்தில் ஒரு சொட்டு, வலது பக்கப் பின் துளைக்குக் கீழே மட்டும் சொட்டு இல்லை. விளக்கடித்தால் துளை மெழுகால் மூடியிருந்தது. கம்பியைச் சூடாக்கிக் குத்தினேன், கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாக வடிந்தது. சுத்தமாக வடிந்து முடியட்டும் என்று இன்னும் ஸ்டாண்டில்தான் வைத்திருக்கிறேன். நாளை டிரன்னியனிலிருந்து மாட்ட ஆரம்பிக்கிறேன்.